கண்டிக்குப் போன ஜெபக் குழுவும் ஒரு சி.ஆர். கொப்பியும்

எங்கள் திருச்சபை மாதர் சங்கத்தில் பன்னிரண்டு பெண்கள் சேர்ந்த ஒரு ஜெபக் குழு இருக்கிறது. வாகரை, கிரான், செங்கலடி, மட்டக்களப்பு நகரம் என்று வெவ்வேறு இடங்களிலிருந்து மாதம் ஒருமுறை கூடுவோம். எங்களில் ஏழு பேர் கணவனை இழந்தவர்கள். மூன்று பேர் பிள்ளையைத் தேடுகிறவர்கள். நான் தம்பியைத் தேடுகிறவள். 1990ஆம் ஆண்டு செப்டெம்பரில் கொண்டுபோகப்பட்டவன், இன்னும் வரவில்லை. அப்போது அவனுக்குப் பதினேழு வயது. எனக்குப் பத்தொன்பது.

இந்த இதழைப் படிக்கிற எல்லாரும் கிறிஸ்தவர்கள் இல்லை என்பது எனக்குத் தெரியும். கோயிலுக்கு நேர்த்தி வைப்பவர்களும், பள்ளிவாசலில் துஆ கேட்பவர்களும், எதிலும் நம்பிக்கை போய்விட்டவர்களும் இதைப் படிப்பீர்கள். நான் மதம் பற்றி எழுத வரவில்லை. போன வழியில் எங்களுக்கு நடந்த ஒரு விடயத்தைத்தான் எழுதுகிறேன்.

2004ஆம் ஆண்டு சுனாமிக்குப் பிறகு வெளிநாட்டுச் சபைகளிலிருந்து ஜெபக் குழுக்கள் எங்களிடம் வந்துபோயிருக்கின்றன. கையைப் பிடித்து, கண்ணை மூடி, எங்களுக்கு விளங்காத மொழியில் அழுது ஜெபித்தார்கள். அது ஆறுதல் இல்லை என்று சொல்லமாட்டேன். யாரோ கடல் கடந்து நமக்காக வந்திருக்கிறார்களே என்று மனம் இளகியது உண்மை. ஆனால் போகும்போது படம் எடுத்துக்கொண்டு போனார்கள். ஒருவராவது என் தம்பியின் பெயர் என்னவென்று கேட்கவில்லை.

"நாங்களும் ஒருக்கா போகிற ஆக்களா இருப்பம்" என்று எங்கள் குழுவின் மூத்தவர், நாங்கள் பெரியக்கா என்று அழைப்பவர், ஒருநாள் சொன்னார். வெளிநாடு போக எங்களிடம் காசு இல்லை. ஆனால் மொழி தெரியாத இடத்துக்குப் போக வெளிநாடுதான் போக வேண்டுமா? கண்டிக்குப் போவதென்று தீர்மானித்தோம். அங்குள்ள ஆலயங்களையும் பல்கலைக்கழகத்தில் இருக்கும் கிறிஸ்தவ மாணவர் ஐக்கியத்தையும் சந்திப்பது எங்கள் திட்டம்.

புறப்படுவதற்கு முன் நான் ஒரு காரியம் செய்தேன். ஒரு சி.ஆர். கொப்பி வாங்கி, எங்கள் பன்னிரண்டு பேருடைய குடும்பங்களிலும் அயலிலும் காணாமற்போனவர்களின் பெயர்களைக் கேட்டுக் கேட்டு எழுதினேன். பெயர், வயது, கடைசியாகக் கண்ட நாள். நாற்பத்திமூன்று பெயர்கள் வந்தன. போகிற ஒவ்வோர் ஆலயத்திலும் அவற்றை வாசித்து ஜெபிக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

பதினெட்டு வளைவு ஏறி

2024 பெப்ரவரி 29, வியாழக்கிழமை விடிய ஒரு வானில் புறப்பட்டோம். செங்கலடியில் திரும்பி பதுளை வீதியில் இறங்கியதும் கறுப்புப் பாலம் வந்தது. யுத்த காலத்தில் இந்தப் பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு ஆட்சி, அந்தப் பக்கம் ஒரு ஆட்சி. இறங்கி நடந்து, பையைத் திறந்து காட்டி, அடையாள அட்டையை நீட்டிக் கடந்த இடம். இப்போது வான் ஒரு நிமிடத்தில் கடந்துவிட்டது. ஆனாலும் எங்களில் யாரும் அந்த ஒரு நிமிடம் கதைக்கவில்லை.

மகாஓயா, பதியத்தலாவை தாண்டி மகியங்கனையில் மகாவலி ஆற்றைக் கண்டோம். வாகரைப் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர்கள் ஊருக்கு வடக்கே ஓடும் வெருகல் ஆறு இந்த மகாவலியின் ஒரு கிளைதான். "இந்தத் தண்ணிதானே புள்ள நாம குளிச்சது" என்றார் ஒருவர்.

பிறகு பதினெட்டு வளைவு. வளைவுக்கு வளைவு இருவர் வாந்தி எடுத்தார்கள். மேலே ஏறியபின் தெல்தெனிய, திகன என்று பெயர்ப் பலகைகள் வந்தன. 2018 மார்ச்சில் இந்த ஊர்களில்தான் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிக்கப்பட்டன. எங்கள் சாரதி காத்தான்குடியைச் சேர்ந்தவர். அவர் ஒன்றும் சொல்லாமல் வேகத்தைக் குறைத்து ஓட்டினார். எங்களுக்கு மட்டும்தான் பாரம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு வந்திருந்தோம். முன் ஆசனத்தில் இருப்பவரிடம் நாங்கள் அதுவரை ஒன்றும் கேட்டிருக்கவில்லை.

வாசிக்காத பெயர்கள்

மறுநாள் மார்ச் மாதத்தின் முதல் வெள்ளி. 1927ஆம் ஆண்டு தொடக்கம் உலகம் முழுவதும் கிறிஸ்தவப் பெண்கள் உலக ஜெப தினமாக நினைவுகூரும் நாள். ஒவ்வொரு வருடமும் ஒரு நாட்டுப் பெண்கள் அந்த ஆராதனை ஒழுங்கை எழுதுவார்கள். மற்ற நாடுகளில் உள்ளவர்கள் அதை அவரவர் மொழியில் வாசித்து அந்த நாட்டுக்காக ஜெபிப்பார்கள். 2024ஆம் ஆண்டுக்குரியதை எழுதியவர்கள் பலஸ்தீனக் கிறிஸ்தவப் பெண்கள்.

கண்டி நகரில் ஓர் ஆலயத்தில் நாங்கள் அந்த ஆராதனையில் கலந்துகொண்டோம். சிங்களப் பெண்களும் தமிழ்ப் பெண்களும் பறங்கியர் சிலரும் வந்திருந்தார்கள். எங்களுக்கு மொழிபெயர்த்து உதவ ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் நியமிக்கப்பட்டிருந்தார். சிங்களவர். மாத்தளைப் பக்கம் தமிழ் அயலவர்களோடு வளர்ந்ததால் நன்றாகத் தமிழ் பேசுவார். நாங்கள் அவரை டீச்சர் என்றே அழைத்தோம்.

ஆராதனை தொடங்குமுன் பெரியக்கா என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"மகள், அந்தக் கொப்பிய இங்க வாசிக்க வேணாம்."

"ஏனக்கா?"

"இவங்கட வீட்டுப் பிள்ளைகளும் ஆமியில இருந்திருக்கும். நாம ஜெபிக்க வந்தம், கணக்குக் கேக்க வரல்ல. யுத்தத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்காக என்று பொதுவாச் சொல்லு."

பெரியக்கா பயந்தவர் அல்ல. இடம்பெயர்வில் மூன்று பிள்ளைகளைத் தனியாக வளர்த்தவர். விருந்தாக வந்த இடத்தில் முகம் முறியக்கூடாது என்று நினைத்தார். நானும் கீழ்ப்படிந்தேன். என் முறை வந்தபோது, "யுத்தத்தில் பாதிக்கப்பட்ட அனைவருக்காகவும்" என்று ஒரே வசனத்தில் முடித்தேன். எல்லாரும் ஆமென் என்றார்கள்.

பிறகு பலஸ்தீனப் பெண்களின் கதைகள் வாசிக்கப்பட்டன. எந்த ஊர், எந்த வீடு, யாரை இழந்தார்கள் என்று பெயரோடு வாசித்தார்கள். காஸாவில் கொல்லப்பட்டோர் தொகை 30,000ஐத் தாண்டிவிட்டதாக அங்குள்ள சுகாதார அமைச்சு அறிவித்த வாரம் அது. ஆலயத்தில் பலர் அழுதார்கள். நானும் அழுதேன். ஆனால் என் அழுகையில் ஒரு பங்கு வேறு காரணத்துக்காக. காணாத தேசத்துப் பெண்களின் பெயரை எங்களால் உரக்கச் சொல்ல முடிகிறது. மடியில் இருக்கும் கொப்பியைத் திறக்க முடியவில்லை.

தலதா மாளிகைக்குப் பக்கத்தில்

சனிக்கிழமை காலை டீச்சர் எங்களைத் தூய பவுல் ஆலயத்துக்கு அழைத்துச் சென்றார். 1840களில் வெள்ளைக்காரர் கட்டத் தொடங்கிய செங்கல் ஆலயம். தலதா மாளிகைக்கும் நாத தேவாலயத்துக்கும் அருகிலேயே நிற்கிறது. வெளியே வெள்ளை உடுத்து, தாமரைப் பூவோடு பெண்கள் மாளிகைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அவர்களும் எதற்காகவோ வேண்டத்தான் போகிறார்கள்.

1998 ஜனவரி 25ஆம் திகதி விடுதலைப் புலிகளின் வாகனக் குண்டு இந்த மாளிகை வாசலில் வெடித்தது. பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்தச் செய்தியை நான் மட்டக்களப்பில் வானொலியில் கேட்டபோது என் மனதில் வந்தது துக்கம் அல்ல. "எங்களுக்கு நடந்தது இவர்களுக்கும் தெரியட்டும்" என்பதுதான். இருபத்தாறு வருடம் கழித்து அதே இடத்தில், பூ விற்கிற ஒரு வயதான அம்மாவைப் பார்த்துக்கொண்டு நிற்கையில், அன்று நினைத்ததற்காக வெட்கப்பட்டேன். அங்கே இறந்தவர்களில் ஒருவருடைய பெயரும் எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள விரும்பியதும் இல்லை.

அங்கிருந்து திரித்துவக் கல்லூரியின் ஆலயத்தைப் பார்க்க அனுமதி பெற்றுப் போனோம். 1935இல் அர்ப்பணிக்கப்பட்டது. சுவர் அடைத்த ஆலயம் அல்ல. கண்டி அரசர்களின் மண்டபங்களைப் போலச் செதுக்கிய கல்தூண்கள், திறந்த பக்கங்கள். உள்ளே டேவிட் பெயின்ரர் என்ற ஓவியர் வரைந்த பெரிய சுவரோவியங்கள் இருக்கின்றன. அவற்றில் 1928இல் வரைந்த முதல் ஓவியம், தன் இரண்டு மகன்மாருக்காக இயேசுவிடம் வேண்ட வரும் ஒரு தாயைப் பற்றியது. பிள்ளைகளுக்கு நல்ல இடம் கொடு என்று கேட்கிற தாய். கிரானைச் சேர்ந்த அக்கா அதற்கு முன்னால் வெகுநேரம் நின்றார். அவருடைய இரண்டு மகன்மாரும் எங்கள் கொப்பியில் இருக்கிறார்கள்.

"எந்தப் பெயர்கள், அன்ரி?"

மாலையில் பேராதனைப் பல்கலைக்கழகம். 1952இல் கொழும்பிலிருந்து இங்கு வந்த பல்கலைக்கழகம். மலையும் ஆறும் மரங்களுமாக அத்தனை அழகு. ஆனால் அழகான இடங்களிலும் நடக்கக்கூடாதவை நடந்திருக்கின்றன. 1983 மே மாதம் தமிழ் மாணவர்கள் இங்கே தாக்கப்பட்டு வெளியேறினார்கள். 1989இல் இங்குள்ள ஒரு குளத்தைச் சுற்றி வெட்டப்பட்ட தலைகள் வைக்கப்பட்டிருந்தன. கொல்லப்பட்டவர்கள் சிங்கள இளைஞர்கள்.

பல்கலைக்கழகங்களில் கிறிஸ்தவ மாணவர் ஊழியம் நூறு வருடத்துக்கு மேற்பட்டது. உலக மாணவர் கிறிஸ்தவ சம்மேளனம் 1895இல் சுவீடனில் தொடங்கியது. எங்கள் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த போதகர் டி. ரி. நைல்ஸ் அதில் முக்கிய பொறுப்புகள் வகித்தவர். இன்று மாணவர் கிறிஸ்தவ இயக்கம், போக்கஸ் என்று அழைக்கப்படும் கிறிஸ்தவ மாணவர் ஐக்கியம் போன்றவை நம் நாட்டுப் பல்கலைக்கழகங்களில் இயங்குகின்றன. வீட்டை விட்டு முதன்முதலாக வந்த பிள்ளைகளுக்கு இந்தக் கூட்டங்கள் ஒரு துணை.

நாங்கள் சந்தித்த மாணவர்கள் இருபது பேர் வரை இருக்கும். பாட்டு மூன்று மொழியிலும் பாடினார்கள். தேத்தண்ணியும் பணிசும் தந்தார்கள். ஜெப விண்ணப்பம் கேட்டபோது பரீட்சை, தாயின் சுகவீனம், தகப்பனின் கடன் என்று சொன்னார்கள். நான் வழமைபோல, "நாங்கள் காணாமற்போனவர்களுக்காக ஜெபிக்கிறோம், எங்களிடம் அவர்களுடைய பெயர்கள் இருக்கின்றன" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

வன்னியிலிருந்து வந்த ஒரு மாணவி எழும்பினாள். 2009இல் அவளுக்கு ஆறு வயது.

"எந்தப் பெயர்கள், அன்ரி? வாசியுங்கோவன். எங்கட அப்பாட பெயரை அம்மாவைத் தவிர வேற ஆரும் சொல்லிக் கேட்டு எனக்கு ஞாபகமில்லை."

நான் பெரியக்காவைப் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்திருந்தார். பிறகு மெதுவாக, "வாசி மகள்" என்றார்.

நாற்பத்திமூன்று பெயர்களையும் வாசித்தேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. டீச்சர் ஒவ்வொரு பெயரின் பின்னும் வயதையும் வருடத்தையும் சிங்களத்தில் சொல்லிக்கொண்டு வந்தார். இருபதாவது பெயரளவில் அவருடைய குரல் தளர்ந்தது. என் தம்பியின் பெயர் வந்தபோது நிறுத்திவிட்டார். ஒரு சிங்கள மாணவன் எழும்பி மீதியைச் சொல்லி முடித்தான்.

எனக்குத் தம்பி, அவருக்கு மல்லி

அன்றிரவு நாங்கள் தங்கிய விடுதியில் டீச்சர் என் அறைக்கு வந்தார். கட்டிலின் ஓரத்தில் அமர்ந்தார்.

"நங்கி, எனக்கும் ஒரு மல்லி இருந்தான்."

பல்கலைக்கழக மாணவன். 1989 நவம்பரில் ஒரு இரவு வந்து கூட்டிக்கொண்டு போனார்கள். ஜே.வி.பி. கலவர காலம். அவன் அதில் இருந்தானா இல்லையா என்று இன்றுவரை அவருக்குத் தெரியாது. தாய் ஒவ்வொரு முகாமாக அலைந்தார். 2012 நவம்பரில் மாத்தளை வைத்தியசாலை வளவில் கட்டடம் கட்டத் தோண்டியபோது மனித எலும்புகள் கிடைத்தன. தோண்டத் தோண்ட 150க்கு மேற்பட்டோரின் எச்சங்கள். அவை எந்தக் காலத்தவை என்பதில் ஒன்றுக்கொன்று முரணான அறிக்கைகள் வந்தன. எண்பது வயதுத் தாய் அந்த வேலிக்கு வெளியே போய் நின்றார். ஒன்றும் தெரியவராமலே இறந்துபோனார்.

"நீங்கள் வாசிக்கும்போது எனக்கு ஒரு பொறாமை வந்தது. என் மல்லியின் பெயரை ஆலயத்தில் யாரும் வாசித்ததில்லை. பயத்தில் அம்மா விடவில்லை. பிறகு பழகிப்போயிற்று. உங்கள் கொப்பியில் எழுதுவீர்களா?"

எனக்குச் சிங்களம் எழுத வராது. கொப்பியையும் பேனையையும் அவரிடம் கொடுத்தேன். நாற்பத்திநாலாவதாக அவரே சிங்களத்தில் எழுதினார். பெயர், வயது இருபத்திரண்டு, கடைசியாகக் கண்ட நாள். எழுதிவிட்டு ஒவ்வோர் எழுத்தாக எனக்கு வாசிக்கப் பழக்கினார். எனக்குத் தம்பி. அவருக்கு மல்லி. இருவரும் ஒரு வருட இடைவெளிக்குள் போனவர்கள். அன்று அதிகம் ஜெபிக்கவில்லை. விளக்கை அணைத்த பிறகும் கதைத்துக்கொண்டே இருந்தோம்.

தோட்டத்து ஆலயம்

ஞாயிறு காலை ஹந்தானைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்துச் சின்ன ஆலயத்துக்குப் போனோம். கண்டி மலைகளில் தமிழ்ச் சபைகள் உருவான கதையிலும் ஒரு பயணக் குழு இருக்கிறது. 1854இல் கோப்பித் தோட்டங்களில் வேலை செய்த தமிழருக்காகத் திருநெல்வேலியிலிருந்து உபதேசியார்மார் கடல் கடந்து வந்தார்கள். அந்த ஊழியத்துக்கு அக்காலத்தில் வைத்த பெயர் தமிழ்க் கூலி மிஷன். அந்த உபதேசியார்மார் தோட்டம் தோட்டமாக நடந்தார்கள்.

அவர்கள் தேடி வந்த மக்களோ மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுப் பாதையால் மாத்தளை வரை நடந்து வந்தவர்கள். கொலராவிலும் காய்ச்சலிலும் பசியிலும் வழியிலேயே பலர் இறந்தார்கள். அவர்களுடைய பெயரை எந்தக் கொப்பியிலும் யாரும் எழுதவில்லை.

ஆராதனை முடிந்ததும் கொழுந்து பறித்துக் காய்த்துப்போன கையோடு ஒரு பாட்டி என்னைப் பிடித்துக்கொண்டார். "எந் தங்கச்சி குடும்பம் எழுவத்தேழு கலவரத்துல பயந்து வவுனியாப் பக்கம் போயிட்டாங்கம்மா. அங்க போனா நம்ம ஆளுங்களோட நிம்மதியா இருக்கலாம்னு போனாங்க. கடைசிச் சண்டைக்கு அப்புறம் ஒரு தகவலும் இல்ல. அவ பேரையும் எழுதிக்கிறியா?"

1948இல் குடியுரிமை பறிக்கப்பட்ட மக்கள். 1977இலும் 1983இலும் அடிவாங்கி வன்னிக்குப் போனவர்கள். அங்கே 2009இல் மறுபடியும் யுத்தத்துக்குள் அகப்பட்டவர்கள். நாற்பத்தைந்தாவது பெயரை நான் எழுதினேன்.

திரும்பும் நாளில், பிலிமத்தலாவையில் உள்ள இலங்கை இறையியல் கல்லூரிக்குப் போய்வந்தோம். 1963இல் தொடங்கிய கல்லூரி. சிங்களம், தமிழ் இரண்டு மொழியிலும் போதகர்களைப் பயிற்றுவிக்கிறது. அங்கே ஒரு சிங்கள மாணவர் நாற்பத்தைந்து பெயர்களையும் வாங்கி, தமிழ்ப் பெயர்களைத் தட்டுத்தடுமாறி வாசித்தார். பிழையாகத்தான் உச்சரித்தார். ஆனாலும் என் தம்பியின் பெயர் எனக்கு விளங்கியது.

ஊருக்கு வந்த பிறகு

இது எல்லாருக்கும் பிடித்த கதை அல்ல. அடுத்த கூட்டத்தில் கொப்பியைத் திறந்தபோது, வாகரைத் தங்கச்சி ஒருவர் சிங்கள எழுத்தைக் கண்டு எழும்பிவிட்டார்.

"அவங்கட பேர் எங்கட பிள்ளைகளோட ஏன்? எங்களுக்கு நடக்கும்போது இவங்க எங்க இருந்தாங்க?"

அவர் கேட்டதில் பிழை இல்லை. எனக்கும் முழுப் பதில் தெரியாது. "அதே கேள்விய அந்த டீச்சரும் எங்களிட்ட கேட்டிருக்கலாம்" என்று மட்டும் சொன்னேன். அவர் இரண்டு மாதம் கூட்டத்துக்கு வரவில்லை. மூன்றாம் மாதம் வந்தார். வந்து பின்வரிசையில் இருந்தார். சிங்களப் பெயரை வாசிக்கும்போது மட்டும் ஆமென் சொல்லமாட்டார். ஆனால் எழும்பிப் போவதும் இல்லை.

பெயரை எழுதி ஜெபிப்பதால் நீதி கிடைத்துவிடும் என்று நான் சொல்லவில்லை. 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சியில் தாய்மார் தொடங்கிய போராட்டத்தின் பந்தலில் இருந்தபடியே எத்தனையோ பேர் பதில் தெரியாமல் கண்ணை மூடினார்கள். காணாமற்போனோர் அலுவலகம் 2018இல் இயங்கத் தொடங்கியது. என் தம்பியைப் பற்றி எனக்கு இன்னும் ஒரு வரி பதில் இல்லை. ஜெபம் அந்தக் கேள்வியின் வாயை மூடுகிற துணியாக இருக்கக்கூடாது.

ஆனால் ஒன்று படித்துக்கொண்டேன். பிறருடைய துன்பத்தைப் பார்க்கப் போகிறவர் முதலில் கேட்க வேண்டியது பெயரை. "பாதிக்கப்பட்டவர்கள்" என்று பொதுவாகச் சொல்லும்போது நாங்கள் எல்லாரும் ஒரு கூட்டமாகிவிடுகிறோம். பெயரைச் சொல்லும்போதுதான் ஒருவனுக்கு வயதும் முகமும் வீடும் வருகின்றன. எங்களிடம் வந்த வெளிநாட்டுக் குழுக்கள்மேல் எனக்கு இப்போது கோபம் இல்லை. நானும் எங்கள் வான் சாரதியிடம் திரும்பி வரும் வழியில்தான் கேட்டேன், "தம்பி, உங்கட வீட்டில ஆரும் இருக்கா, எழுத?" என்று. அவர் சற்று நேரம் பேசாமல் ஓட்டினார். பிறகு, "வாப்பா" என்றார். 1990.

நாற்பத்தாறாவது பெயர் அது.

சகோதரிகளே, உங்கள் ஊரிலும் ஒரு கொப்பி வாங்குங்கள். பெரிய செலவில்லை. உங்களுடைய பெயர்களை எழுதுங்கள். கொஞ்சப் பக்கங்களை வெறுமையாக விட்டுவையுங்கள்.